உபகாரச் சம்பளமும் வாய்தாவும்

வெளிநாட்டுச் சர்வகலாசாலைகளில் மேற்படிப்புப் படிப்பதற்காக நம் நாட்டு ஏழை மாணாக்கருக்கு இந்திய சர்க்கார் அளித்துவரும் உபகாரச் சம்பளத்தைப் பற்றி இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம். அச்சம்பளத்தின் தொகை போதுமா போதாதா என்பது இன்றைய பிரஸ்தாபம் அன்று. எத்தனை பேருக்குக் கொடுக்கலாம் என்பதும் அன்று. மனுச் செய்துகொண்ட மாணாக்கனுக்குப் பதில் எப்பொழுது கிடைக்கிறது என்பதே நாம் எடுத்துக்கொண்ட விஷயம். இது அற்ப விஷயம் என்று சிலர் எண்ணக்கூடும். அங்ஙனம் எண்ணுவோர் ஏழைக் குடும்பத்தின் நிலைமையை அறியாதவரே ஆவர். ஏழையின் விஷயத்தில், காலந்தாழ்ந்து வரும் 'உண்டு' என்னும் சொல்லுக்கும் 'இல்லை' என்னும் சொல்லுக்கும் யாதொரு வித்தியாசமும் இல்லை.

நாம் குறிப்பிடும் தேசிய வெளிநாட்டு உபகாரச் சம்பளத் திட்டம் 1954-55-ஆம் வருஷத்தில் ஏற்பட்டது. சுதந்திரம் பெற்ற சில வருஷங்களுக்குள்ளேயே, தேசத்தின் கஜானா வறண்டிருந்த காலத்தில், இத்தகைய தர்மத்தை ஏற்படுத்தியவர்களை நாம் மெச்சுகிறோம். 2025-26-ஆம் வருஷத்து விதிகளின்படி வருஷந்தோறும் 125 பேர் இதன் பயனைப் பெறலாம். அவற்றுள் 115 இடங்கள் பட்டியல் வகுப்பினருக்கும், 6 இடங்கள் சீர்மரபினர் முதலான நாடோடி வகுப்பினருக்கும், 4 இடங்கள் நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பரம்பரைக் கைத்தொழிலாளர் ஆகியோரின் மக்களுக்கும் உரியவை. நூற்றுக்கு முப்பது இடங்கள் பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கின்றன. குடும்பத்தின் வருஷ வரும்படி 8 லக்ஷம் ரூபாய்க்கு மேற்படலாகாது. மனுதாரருக்கு வயது 35-க்கு மேற்படலாகாது. பரீக்ஷையில் நூற்றுக்கு 60 மார்க்காவது பெற்றிருக்க வேண்டும். இவற்றுடன், உலக வரிசையில் முதல் 500 ஸ்தானங்களுக்குள் உள்ள ஒரு சர்வகலாசாலையிலிருந்து நிபந்தனையற்ற அனுமதிக் கடிதமும் வாங்கி வரவேண்டும். இவ்வளவையும் நிறைவேற்றியவருக்குப் படிப்புச் சம்பளமும், விமானக் கட்டணமும், ஜீவனத்துக்காக பிரிட்டனில் வருஷத்துக்கு 9,900 பவுனும், மற்ற நாடுகளில் 15,400 டாலரும் கிடைக்கும்.

நிபந்தனைகள் கடுமையானவை என்பதை நேயர்கள் கவனிக்க. சேரியில் பிறந்து, மண்ணெண்ணெய் விளக்கில் படித்து, உலகத்தின் தலைசிறந்த கலாசாலைகளில் ஒன்றில் இடம் வாங்கிய பின்னரே ஒருவன் சர்க்காரின் வாயிலை அணுக முடியும். நூற்று நாற்பது கோடி ஜனங்கள் வாழும் தேசத்தில் 125 பேர்! கடலில் கரைத்த பெருங்காயம் போன்றதே இத்தொகை. ஆயினும் அந்த 125 பேருக்காவது காலத்தில் பதில் கிடைக்கிறதா என்று பார்த்தால், அங்கேயும் நமக்கு ஏமாற்றமே எஞ்சுகிறது.

2025-ஆம் வருஷம் ஜூலை மாதத் தொடக்கத்தில் நடந்ததைப் பார்க்க. அவ்வருஷம் மனுச் செய்துகொண்டவர் 440 பேர். தெரிந்தெடுக்கப்பட்டவர் 106 பேர். இவர்களுள் 40 பேருக்கு மட்டுமே தற்காலிக அனுமதிக் கடிதம் அளிக்கப்பட்டது. மற்ற 66 பேருக்கும், நிதி கிடைப்பதைப் பொறுத்துக் கடிதம் அனுப்பப்படலாம் என்று தெரிவிக்கப்பட்டது. மந்திரிசபையின் பொருளாதாரக் குழு அங்கீகாரம் கொடுக்காததே தாமதத்துக்குக் காரணம் என்ற செய்தியும் பத்திரிகைகளில் வெளியாயிற்று. பின்னர் யாருக்கு எது எப்பொழுது கிடைத்தது என்பது வேறு விஷயம். நாம் கேட்பது இதுதான்: தேர்ந்தெடுத்து, பெயரை வெளியிட்டு, உலகம் அறியச் செய்துவிட்டு, அதன் பிறகு பணம் இருக்குமோ இராதோ என்று ஐயப்படும் சர்க்கார், மனுக்களை வரவழைப்பதற்கு முன்பே அக்கேள்வியைத் தனக்குத் தானே கேட்டுக்கொள்ளாதது ஏன்? விருந்துக்கு அழைத்து, இலை போட்டு, வந்தவர்களை வரிசையாக உட்கார வைத்த பின்னர், உலையில் அரிசி இருக்கிறதா என்று பார்க்கப் போகும் கிருகஸ்தனை ஊரார் என்ன சொல்வார்கள்?

ஒரு கடிதம் ஒரு மாதம் தாமதித்தால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று காரியாலயத்தில் மின்விசிறியின் கீழ் அமர்ந்திருப்போர் கேட்கக்கூடும். அவர்களுக்கு நாம் சற்று விவரமாகவே பதில் கூற வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் பெரும்பாலான சர்வகலாசாலைகள் ஆகஸ்டு மாதக் கடைசியில் திறக்கின்றன. பிரிட்டனில் செப்டம்பர் மாதத்தில் திறக்கின்றன. அச்சர்வகலாசாலைகள் ஒருவனுக்கு இடம் கொடுக்கும்போதே, இன்ன தேதிக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், இன்ன தேதிக்குள் முன்பணம் கட்ட வேண்டும் என்றும் எழுதிவிடுகின்றன. தேதி தவறினால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். அடுத்தபடியாக விசா. பிரிட்டனுக்குப் போகும் மாணாக்கன், சர்க்கார் உதவி பெறுபவன் என்னும் கடிதத்தைக் காட்டினால், தன் கையிருப்பைக் காட்ட வேண்டியதில்லை. அக்கடிதம் இல்லையேல், படிப்புக்கும் ஜீவனத்துக்கும் வேண்டிய பணம் இடைவிடாமல் 28 நாட்கள் பாங்கியில் இருந்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். அமெரிக்காவிலும், பணத்துக்கு வழி காட்டாத மாணாக்கனுக்கு, விசாவுக்கு ஆதாரமான பத்திரத்தைச் சர்வகலாசாலை கொடுக்க இயலாது. ஆகவே, டில்லியில் ஒரு கோப்பு ஒரு மேஜையினின்று மற்றொரு மேஜைக்கு நகராமல் இருக்கும் மூன்று வாரம் என்பது, மதுரையிலோ மாயவரத்திலோ இருக்கும் மாணாக்கனுக்கு மூன்று வாரம் அன்று. முழுதாக ஒரு வருஷம். சிலருக்கு வயது வரம்பும் கடந்துபோகுமாதலால், அது ஆயுள் முழுவதுமேயாகும்.

இந்தத் தாமதம் எல்லோரையும் ஒரே விதமாகத் தாக்குகிறதா? இல்லை. செல்வந்தன் வீட்டுப் பிள்ளைக்கு உபகாரச் சம்பளம் கிடைக்காவிட்டால் தகப்பனார் முன்பணம் கட்டுவார். கிடைத்தால் அது லாபம். நடுத்தரக் குடும்பத்தினர் வீட்டையோ நிலத்தையோ அடமானம் வைப்பார்கள். பாங்கிகளின் பொது வழக்கப்படி, கல்விக் கடன் 7½ லக்ஷம் ரூபாயைத் தாண்டினால் சொத்து ஜாமீன் கேட்கிறார்கள். அயல்நாட்டுப் படிப்பு அத்தொகைக்குள் அடங்குமா? ஜாமீன் கொடுக்கச் சொத்து உள்ளவன் நிலமற்ற விவசாயத் தொழிலாளி என்ற பெயரில் மனுச் செய்துகொள்வானா? எவனுக்குச் சர்க்காரின் கடிதத்தைத் தவிர வேறு கதி இல்லையோ, அவனுக்கென்றே ஏற்பட்ட திட்டத்தில் அந்தக் கடிதமே தாமதிப்பதுதான் இவ்விஷயத்திலுள்ள கொடுமை. பணக்காரனுக்குத் தாமதம் என்பது தொந்தரவு. ஏழைக்கு அது தீர்ப்பு.

காத்திருக்கும் வீட்டின் நிலைமையையும் நேயர்கள் மனத்தில் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். முன்னாளில் தபால்காரன் வரும் நேரம் பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். அவன் அத்தெருவைக் கடந்துவிட்டால் அன்றைக்கு நிம்மதியாவது உண்டு. இந்நாளில் அந்நிம்மதியும் இல்லை. பையன் உறங்கும்போதும் கைபேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உறங்குகிறான். நள்ளிரவில் விழித்து மின்னஞ்சலைத் திறந்து பார்க்கிறான். 'சீமைக்குப் போகிறானாமே, எப்பொழுது?' என்று தெருவில் கேட்போருக்கு விடை சொல்ல முடியாமல் தாய் கிணற்றடிக்குப் போகும் நேரத்தை மாற்றிக்கொள்கிறாள். உள்ளூரில் கிடைத்த வேலையை ஏற்பதா, விடுவதா என்று தகப்பன் கேட்கிறான். ஏற்றால், கடிதம் வந்தவுடன் விட்டு ஓட வேண்டும். விட்டால், கடிதம் வராவிடில் இரண்டும் இல்லை. கைக்கெட்டியது வாய்க்கெட்டாத நிலைமைக்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமோ? 'இல்லை' என்று மறுநாளே சொல்லியிருந்தால் அவன் மனத்தைத் தேற்றிக்கொண்டு வேறு வழி தேடியிருப்பான். இல்லையென்பதைக் காலத்தில் சொல்லுவதும் ஒருவகை உபகாரமே. அந்த உபகாரத்துக்குச் சர்க்காருக்கு ஒரு காசும் செலவில்லை.

வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு இக்காட்சி புதிதன்று. நியாயஸ்தலங்களில் வாய்தாவின் மேல் வாய்தா வாங்கியே எதிர்க்கட்சியை ஓட்டாண்டியாக்கும் பணக்காரக் கட்சிக்காரர்களை நாம் கண்டிருக்கிறோம். வழக்கில் தோற்று அழிந்தவர்களைவிட, வழக்கு முடியாமல் அழிந்தவர்களே அதிகம். அங்கே வாய்தா கேட்பவன் எதிரி. அவனிடம் இரக்கத்தை எதிர்பார்ப்பதற்கில்லை. இங்கேயோ வாய்தா போடுவது, ஜனங்களின் வோட்டினாலும் வரியினாலும் நடைபெறும் நம்முடைய சொந்த சர்க்கார். சர்க்கார் ஒரு வாக்குக் கொடுத்து, அதை நம்பி ஒருவன் தன் நிலைமையை மாற்றிக்கொண்டானாகில், அவ்வாக்குக்குச் சர்க்காரும் கட்டுப்பட்டதே என்று நம் சுப்ரீம் கோர்ட்டார் மோதிலால் பதம்பத் சர்க்கரை ஆலை வழக்கில் விதித்தனர். 1979-ஆம் வருஷத்துத் தீர்ப்புத் தொகுதிகளில் அது வெளியாகியிருக்கிறது. அந்த விதி, ஒரு சர்க்கரை ஆலைக் கம்பெனி தொடங்கவிருந்த வனஸ்பதி ஆலைக்கு வரி விலக்கு அளிப்பதாகச் சொன்ன வாக்கைப் பற்றியது. உபகாரச் சம்பளத்துக்கு அது சட்டப்படி பொருந்துமா என்பதை நியாயாதிபதிகள் முடிவு செய்யட்டும். ஆனால் ஆலை முதலாளியிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமென்றால், கூலிக்காரனின் மகளிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டாமா என்று கேட்பதற்குச் சட்ட ஞானம் வேண்டியதில்லை.

சர்க்கார் காரியம் என்றால் மெதுவாகத்தான் நடக்கும் என்று சமாதானம் சொல்வோருக்கு, நம் சென்னையிலேயே நடந்த ஒரு பழைய விஷயத்தை நினைவூட்டுகிறோம். சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்த ஸ்ரீ ராமானுஜத்துக்குச் சர்வகலாசாலையார் 1913-ஆம் வருஷத்தில் மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் கொடுத்தனர். அவர் பட்டம் ஒன்றும் பெறாதவர். மறு வருஷம் அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்ப வேண்டும் என்று, அப்பொழுது சென்னைக்கு வந்திருந்த கணித பண்டிதர் நெவில், 1914 ஜனவரி 28-ஆம் தேதி சர்வகலாசாலைக்குக் கடிதம் எழுதினார். வருஷத்துக்கு 250 பவுன் வீதம் இரண்டு வருஷங்களுக்குக் கொடுப்பதென்று தீர்மானமாகி, கவர்னரின் ஆதரவும் பெற்று, மார்ச்சு 17-ஆம் தேதி ராமானுஜம் நெவாஸா கப்பலில் ஏறிவிட்டார். இடையில் கழிந்தவை 48 நாட்கள்! அக்காலத்தில் மின்னஞ்சல் இல்லை, கணிப்பொறி இல்லை. கையால் எழுதிய கடிதங்களும், ஆள் மூலம் அனுப்பிய குறிப்புகளுமே இருந்தன.

அதைப்போலவே 1930-ஆம் வருஷம் சென்னை பிரஸிடென்ஸி காலேஜில் பட்டப் படிப்பை முடித்த ஸ்ரீ சுப்பிரமணியன் சந்திரசேகர், சர்க்கார் உபகாரச் சம்பளம் பெற்று, ஜூலை 31-ஆம் தேதியன்றே கப்பலேறினார். அந்தக் கப்பலில் இருந்தபோதே அவர் செய்த கணக்குகள் நக்ஷத்திர சாஸ்திரத்தில் ஒரு புதிய வழியைத் திறந்தன. 1983-ஆம் வருஷத்தில் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

இதைக் கூறுவதால் அந்நிய ஆட்சிக்கு நாம் நற்சாக்ஷிப் பத்திரம் எழுதிக் கொடுப்பதாக எவரும் கொள்ள வேண்டாம். ஒரு ராமானுஜத்தைக் கண்டுகொண்ட அவ்வாட்சி, கண்டுகொள்ளாமல் விட்ட ராமானுஜங்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கில்லை. நாம் கூறுவது இவ்வளவே: மனமிருந்தபோது, அந்நியருடைய காரியாலயத்திலும் 48 நாட்களில் காரியம் முடிந்தது. நம்மவருடைய காரியாலயத்தில் அது முடியாதென்றால், குறை காலத்தில் இல்லை, மனத்தில்தான் இருக்கிறது.

இத்திட்டம் யாருக்காக ஏற்பட்டதோ அவர்களுடைய பெருந்தலைவரான டாக்டர் அம்பேத்கரின் சரித்திரமே நமக்குப் போதிய படிப்பினை. 1913 ஜூன் மாதத்தில் பரோடா சமஸ்தானத்துடன் அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஜூலை மாதத்தில் நியூயார்க் நகரம் சேர்ந்துவிட்டார். மாதம் 11½ பவுன் வீதம் மூன்று வருஷங்களுக்கு மகாராஜா சாயாஜிராவ் அளித்த உதவி அது. அந்த உதவி காலத்தில் வந்ததனால் கொலம்பியா சர்வகலாசாலையின் கதவு அவருக்குத் திறந்தது. ஆனால் கதையின் பிற்பகுதியையும் மறக்கலாகாது. லண்டனில் ஆராய்ச்சியைத் தொடங்கிய நிலையில், உபகாரச் சம்பளத்தின் தவணை முடிந்துவிட்டதால், 1917-ஆம் வருஷத்தில் அவர் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தாய்நாடு திரும்ப நேர்ந்தது. பம்பாயில் ஆசிரியராக உழைத்துச் சேமித்த பணத்தையும், கோலாப்பூர் சாஹு மகாராஜாவின் உதவியையும், நண்பரிடம் பெற்ற கடனையும் கொண்டு 1920-ஆம் வருஷத்தில்தான் அவர் மீண்டும் லண்டன் செல்ல முடிந்தது. டாக்டர் பட்டம் 1923-ஆம் வருஷத்தில் கிடைத்தது. பிற்காலத்தில் இத்தேசத்தின் அரசியல் சட்டத்தை வகுத்துக் கொடுத்த மேதையே பணத்துக்காக மூன்று வருஷம் காத்திருந்தார். அவருடைய மனவுறுதியும் உழைப்பும் அந்த மூன்று வருஷங்களை வென்றன. எல்லோரிடமும் அத்தகைய உறுதியை எதிர்பார்த்துத் திட்டம் வகுப்பது ராஜதந்திரம் ஆகாது. 1913-ஆம் வருஷத்தில், 'நிதி இருக்குமாயின் தெரிவிக்கிறோம்' என்று பரோடாவிலிருந்து பதில் வந்திருக்குமாயின் தேசத்தின் சரித்திரம் எவ்வாறு போயிருக்கும் என்பதை டில்லியிலுள்ளோர் ஒரு நாழிகை யோசித்துப் பார்க்கட்டும்.

நமக்கு எதிராகக் கூறப்படும் ஆட்சேபங்கள் சில உண்டு. 'பொதுஜனங்களின் பணம், யோசித்துத்தான் செலவு செய்ய வேண்டும்' என்பது ஒன்று. நன்றாக யோசிக்கட்டும், ஆனால் பட்ஜெட்டுக்கு முன்பே யோசிக்கட்டும். 66 பேரின் வருஷ ஜீவனத் தொகையைத் தலைக்கு 15,400 டாலராகவே கணக்கிட்டாலும் அது பத்து லக்ஷத்துச் சொச்சம் டாலர்தான். படிப்புச் சம்பளமும் பிரயாணச் செலவும் வேறு. ஒரு பெரிய தேசத்தின் வரவு செலவில் இது கண்ணுக்குத் தெரியாத தொகை.

'போனவர்கள் திரும்பி வருவதில்லையே' என்பது இரண்டாவது ஆட்சேபம். சிலர் வராமல் இருக்கலாம். அதற்கு நியாயமான ஷரத்துகளைச் சேர்ப்பதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் நிபந்தனை விதிப்பது வேறு, நிச்சயமின்மையில் ஆழ்த்துவது வேறு. தன்னை வழியனுப்பும்போதே அலைக்கழித்த தேசத்துக்குத் திரும்பி வா என்று ஒருவனை அழைப்பதற்குச் சர்க்காருக்கு என்ன முகம் இருக்கும்?

'அந்நிய நாட்டுப் படிப்பு எதற்கு? சுதேசிக் கல்வி போதாதா?' என்பது மூன்றாவது ஆட்சேபம். நம்மைச் சேர்ந்த தேசபக்தர்கள் சிலரே இதைக் கூறுவதுண்டு. சுதேசியம் என்பது ஜன்னலை அடைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருப்பது அன்று. ஜப்பான் தேசத்தார் 1871-ஆம் வருஷத்தில் இவாகுராவின் தலைமையில் மேல்நாடுகளுக்குத் தூதுகோஷ்டி அனுப்பியபோது, அதனுடன் மாணாக்கரையும் அனுப்பினர். அவர்களுள் ஐந்து பேர் சிறுமிகள். எல்லோரிலும் இளையவளான த்ஸுதா உமேகோ என்னும் குழந்தை பிற்காலத்தில் திரும்பி வந்து, 1900-ஆம் வருஷத்தில் டோக்கியோவில் பெண்களுக்கென ஒரு கலாசாலையை ஏற்படுத்தினாள். பிறரிடம் கற்றுக்கொள்வது அடிமைத்தனம் அன்று. கற்றுக்கொள்ள வழியில்லாமல் என்றென்றும் பிறரை எதிர்பார்த்திருப்பதே அடிமைத்தனம்.

பிறரை எதிர்பார்ப்பதன் பலனையும் சமீபத்தில் கண்டோம். அமெரிக்காவில் 1946-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் ஏற்பட்ட புல்பிரைட் உபகாரச் சம்பளம் உலகப் பிரசித்தி வாய்ந்தது. அதை மேற்பார்வை செய்யும் சபையின் அங்கத்தினர் ஏறக்குறைய அனைவரும் 2025 ஜூன் மாதத்தில் ராஜிநாமாச் செய்தனர். தாங்கள் தெரிந்தெடுத்தவர்களுள் பலருக்கு அந்நாட்டு சர்க்கார் சம்பளத்தை மறுத்துவிட்டதாக அவர்கள் குறை கூறினர். அதற்கு முந்திய மே மாதக் கடைசியில், மாணாக்கர் விசாவுக்கான பேட்டிகளுக்குப் புதிதாக நாள் குறிப்பதையே அந்த சர்க்கார் நிறுத்தி வைத்து, ஜூன் மாதத்தில் மறுபடியும் தொடங்கியது. அயலாருடைய தர்மம் அயலாருடைய அரசியலைப் பொறுத்தது. நம் மாணாக்கரின் எதிர்காலம் வாஷிங்டனில் வீசும் காற்றைப் பொறுத்திராமல் இருக்க வேண்டுமாயின், நம்முடைய சொந்தத் திட்டமாவது கல்லில் எழுதிய எழுத்தாக இருக்கவேண்டும்.

ஆகையால் நாம் சர்க்காரிடம் கேட்பவை இவை. முதலாவது, எத்தனை இடங்களுக்கு மனுக் கோரப்படுகிறதோ, அத்தனைக்கும் வேண்டிய பணமும் அங்கீகாரமும் விளம்பரம் வெளியாவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். மந்திரிசபைக் குழுவின் கையெழுத்து சர்க்காரின் உள்வீட்டு விவகாரம். அதன் தாமதத்தை மாணாக்கன் தலையில் சுமத்தலாகாது. இரண்டாவது, முடிவை வெளியிடும் தேதியை விளம்பரத்திலேயே அச்சிட வேண்டும். மே மாதம் 31-ஆம் தேதிக்குப் பிந்தாமல் அத்தேதி இருக்க வேண்டும். மூன்றாவது, தெரிந்தெடுக்கப்பட்டவருக்குப் பெயர் வெளியான அன்றே கடிதம் கொடுக்க வேண்டும். 'நிதி இருக்குமாயின்' என்ற வாசகம் அதில் இடம்பெறலாகாது. நான்காவது, இடம் கிடைக்காதவருக்கும் காரணத்தைக் குறிப்பிட்டு அதே நாளில் பதில் அனுப்ப வேண்டும். எந்தத் தஸ்தாவேஜு குறைந்தது, எந்த மார்க்கு போதவில்லை என்று தெரிந்தாலன்றோ அடுத்த வருஷம் அவன் தன்னைத் திருத்திக்கொள்ள முடியும்? ஐந்தாவது, முதல் தவணைப் பணம் மாணாக்கன் விமானம் ஏறுவதற்கு முன் அவன் கைக்கு வந்து சேர வேண்டும். அந்நிய நகரத்தில் வாடகை கேட்கும் வீட்டுக்காரனுக்கு நம் காரியாலயத்தின் கஷ்டங்கள் விளங்கமாட்டா.

சென்னையிலுள்ள ராஜ்ய சர்க்காரும் ஆதிதிராவிட, பழங்குடி மாணாக்கருக்காக இத்தகைய திட்டம் ஒன்றை நடத்திவருகிறது. மேற்கூறிய ஐந்தும் அதற்கும் பொருந்தும். டில்லியைக் குறைகூறும் உரிமை, தன் வீட்டைச் செம்மையாக வைத்திருப்பவனுக்கே உண்டு.

நம் நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. அரசியல் பேசுவோர் நம்மில் ஏராளம். அரசியலின் பயன் ஏழையின் வீட்டு வாயிலை அடைகிறதா என்று தொடர்ந்து பார்ப்போர் சிலரே. உங்கள் தாலுக்காவில் இவ்வாறு காத்திருக்கும் மாணாக்கர் யார் என்று விசாரியுங்கள். தாசில்தார் காரியாலயத்தில் வரும்படிச் சான்றிதழுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் அவர்கள் அலையாமல் துணை நில்லுங்கள். உங்கள் பார்லிமெண்டு அங்கத்தினருக்கு எழுதுங்கள். ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் எத்தனை பேர் தெரிந்தெடுக்கப்பட்டனர், எத்தனை பேர் கையில் கடிதம் சேர்ந்தது என்ற கேள்வியைக் கேட்கும்படி வற்புறுத்துங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ஆம் வருஷம் முதல் நம் கையில் இருக்கிறது, அதை உபயோகியுங்கள். ஊர்ச் சங்கங்களும் தர்மஸ்தாபனங்களும் வேறொரு பெரிய காரியம் செய்யலாம். சர்வகலாசாலைக்குக் கட்ட வேண்டிய முன்பணத்தை மட்டும் வட்டியில்லாக் கடனாகக் கொடுத்து, சர்க்காரின் பணம் வந்தபின் திருப்பிப் பெறலாம். கோவிலில் ஒரு வாகனம் செய்து வைப்பதற்கு ஆகும் செலவில் சில மாணாக்கரின் இடங்களைக் காப்பாற்றிவிடலாம். காலத்தில் செய்த சிறு உதவி உலகத்தினும் பெரிது என்று வள்ளுவரைப் படித்த நமக்கு வேறொருவர் சொல்ல வேண்டியதில்லை.

இறுதியாக, காத்திருக்கும் மாணாக்கருக்கு. கடிதம் தாமதிப்பது உங்கள் தகுதிக் குறைவால் என்று ஒரு கணமும் எண்ணாதீர்கள். உலகத்தின் சிறந்த கலாசாலைகள் உங்களை அழைத்துவிட்டன. தயங்கி நிற்பது நீங்களல்ல, நாங்கள். வெளியூர் வேலையோ உள்ளூர்ப் படிப்போ எது கிடைத்தாலும் ஏற்றுக்கொண்டு, கேள்வியை மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டே இருங்கள். நீங்கள் யாசகம் கேட்கவில்லை. சர்க்கார் தானாகவே முன்வந்து சொன்ன சொல்லை நிறைவேற்றும்படி கேட்கிறீர்கள். அந்தச் சொல் நிறைவேறும்வரை உங்களுடன் சேர்ந்து கேட்பது இப்பத்திரிகையின் கடமை. அதற்கு நாம் வாய்தா கேட்கப் போவதில்லை.